அப்பாவுக்குப் படையல்

காவேரிப்பட்டினம்
14.7.2024

அன்பு மகள் மோகனப்ரியாவுக்கு,

அப்பா ஆசியுடன் எழுதுவது. போன் செய்தால் வீட்டில் தெரிந்துவிடும் என்று நீ சொன்னதால், உன்னோடு வேலை பார்க்கும் அனுப்ரியா விலாசத்துக்கே இதையும் அனுப்புகிறேன். உன் மாமியார் வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா?

மாங்கூழ் ஆலையில் சீசன் முடிகிற நேரம். பழக்கூடை தூக்கித் தூக்கி விரல் தேய்ந்துவிட்டது. வாசலில் கைரேகை பார்க்கும் மிஷின் என்னை ஏற்க மாட்டேன் என்கிறது. "கங்கப்பா, நீ ஆளே இல்லைன்னு சொல்லுதுய்யா" என்று சூப்பர்வைசர் சிரிக்கிறார்.

நீ மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதே. முதல் இரண்டு இன்டர்வியூவிலும் அப்பா லோடு தூக்குகிறார் என்று உள்ளதைச் சொன்னாய். பிறகு சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டார்கள். மூன்றாவதில், அப்பா இன்ஜினியர், இறந்துவிட்டார் என்றாய், வேலை கிடைத்தது. அதே மார்க், அதே பிள்ளைதான். அங்கேயே விஜயகுமார் மாப்பிள்ளையும் கிடைத்தார். நான் செத்ததால் உனக்கு நல்லது நடந்திருக்கிறது. அதில் எனக்குக் குறை இல்லை.

என் படத்துக்குக் கோட்டுப் போட்டு ஹாலில் மாட்டியிருப்பதாக எழுதியிருந்தாய். என்ன நிறக் கோட்டு?

இப்படிக்கு,
அப்பா

ஓசூர்
6.8.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நீலக் கோட்டு. ஸ்டுடியோக்காரர் பொருத்திக் கொடுத்தார். அம்மா படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆடி அமாவாசை. "பாவம், அவருக்குச் செய்யறதுக்கு வேற யாரு இருக்காங்க" என்று அத்தை உங்களுக்கும் படையல் போட்டார். வாழைக்காய்ப் பொரியல், பூசணிக்காய்க் கூட்டு, வடை. மொட்டை மாடியில் சோறு வைத்தோம். வெகுநேரம் ஒரு காகமும் வரவில்லை. "ஏதோ மனக்கொறையோட போயிருக்காரு. நீயே கூப்புடும்மா" என்றார் அத்தை.

உயிரோடிருக்கும் உங்களை எப்படிக் கூப்பிடுவேன்? உங்கள் மாப்பிள்ளையும் பார்த்துக்கொண்டே நின்றார். கண்ணை மூடி, "அப்பா, சாப்பிடுங்க" என்றேன். கண்ணைத் திறந்தபோது இலையில் ஒரு பருக்கை இல்லை. இறக்கைச் சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீங்கள் நன்றாக இருக்கிறீர்களா? உடனே எழுதுங்கள்.

அன்பு மகள்,
மோகனப்ரியா

காவேரிப்பட்டினம்
13.8.2024

அன்பு மகளுக்கு,

நன்றாகவே இருக்கிறேன். ஒன்றை மட்டும் உன்னிடம் மறைக்க முடியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சோற்றுப் போசியைத் திறந்தேன்; ஒரு வாய் வைக்க முடியவில்லை. வயிறு நிறைந்திருந்தது. நாக்கில் வாழைக்காய்ப் பொரியல் ருசி. உன் கடிதம் வந்த பிறகுதான் அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தது.

நீ சாப்பிடவில்லை என்றதும் மனசு கேட்கவில்லை. நேற்று பஸ் ஏறி வந்தேன். தூர நின்று உன்னைப் பார்த்துவிட்டுத் திரும்புவதாகத்தான் எண்ணம். உச்சி வெயில், தெருவில் ஆளில்லை. உன் வீட்டு கேட்டுக்கு எதிரே நின்றேன். செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த உன் மாமியார் நிமிர்ந்து பார்த்தார். கையிலிருந்த குழாய் விழுந்துவிட்டது.

வேலைக்காரன், வழி கேட்க வந்தேன் என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். அதற்குள் அவர் கைகூப்பிவிட்டார். "எதுக்கு வந்தீங்க? நாங்க என்ன கொறை வெச்சோம்?" என்றார்.

உண்மையைச் சொன்னால் உன் வாழ்க்கை போய்விடும். "கொறை ஒண்ணுமில்லீங்க. கொழந்தையைப் பாக்கணும்னு இருந்துச்சு" என்றேன்.

"அவளை நான் பாத்துக்கறேன். நீங்க நிம்மதியாப் போங்க."

"சரிங்க. இனிமே வர மாட்டேன்."

திரும்பி நடந்தேன். அவர் உன்னை நன்றாக வைத்துக்கொள்வார், குரலிலேயே தெரிந்தது. நீ வேளைக்குச் சாப்பிடு. ஆனால் ஒன்று, திரும்பி வந்த பஸ்ஸில் கண்டக்டர் என்னிடம் டிக்கெட் கேட்கவே இல்லை. இரண்டு தடவை கூப்பிட்டேன். என்னைத் தாண்டிப் போய்விட்டார்.

அப்பா

ஓசூர்
2.9.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்த அன்றே மாப்பிள்ளையிடமும் அத்தையிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை கடிதத்தை வாங்கிப் படித்தார். பிறகு, "ஆபீஸ்ல இதைச் சொல்லிடாத. உன் புரமோஷன் நேரம்" என்றார். அவ்வளவுதான்.

அத்தைதான் நம்பவில்லை. கடிதத்தைக் காட்டினேன், வாங்கிப் பார்க்கவும் மறுத்துவிட்டார். "அவரே எங்கிட்ட சொல்லிட்டுப் போனாரும்மா" என்கிறார்.

ஆலைக்குப் போனேன். சீசன் முடிந்து பூட்டியிருக்கிறது. அப்படி ஒருவர் இங்கே இருந்ததாக நினைவில்லை என்கிறார் வாட்ச்மேன். நீங்கள் குடியிருந்த அறையில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் போன் அணைந்தே கிடக்கிறது.

திரும்பி வந்து ஹாலில் உட்கார்ந்து அழுதேன். அத்தை என் தலையை மடியில் வைத்துத் தடவிக் கொடுத்தார். "அப்பனை எழந்தவளுக்கு அப்படித்தான் தோணும். போகப் போக சரியாயிடும்" என்றார். அவர் கை அத்தனை இதமாக இருந்தது. ஒரு நிமிஷம், அவர் சொல்வதே சரியாக இருக்குமோ என்று எனக்கும் தோன்றியது. அதுதான் பயமாக இருக்கிறது, அப்பா.

இதை உங்கள் பழைய அறை விலாசத்துக்கே போடுகிறேன். எங்கிருந்தாலும் புறப்பட்டு வாருங்கள். தெருவில் நிற்க வேண்டாம். கேட்டைத் திறந்து, நாலு பேர் காதில் விழும்படி என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
லோடுமேன் கங்கப்பன் மகள்,
மோகனப்ரியா