பச்சை ராணியின் வசனம்

எழுத்துக்காரம்மா,

சாப்பாடு அடுப்பு மேல மூடியிருக்கு.

டிவியில முடிஞ்சுபோன விண்கப்பல் தொடரைப் படக்கதையா நீட்ட எனக்குச் சரக்கு தீர்ந்துபோச்சு. அதான் நம்ம சண்டையிலேயே கைவெச்சுட்டேன். "நான் உனக்கு மனுஷியாத் தெரியலையா?"ன்னு நீ அழுதுகிட்டே கேட்டதை, வேற்றுக்கிரகத்துப் பச்சை ராணி கேட்கிறா, கேப்டன் சிரிக்கிறான். நீயும் எப்பவும்போல உன் முத்து முத்தான கையெழுத்துல அந்த வசனத்தை எழுதி வெச்சுட்டே. காலையில பார்த்தேன். நாக்கைப் பிடுங்கிக்கலாம்போல இருந்துச்சு.

வசனத்தை அழிச்சுட்டேன். அதுலேயே வெள்ளை மை காலி, வாங்கப் போறேன். பத்திரிகை ஆசிரியர் சாயங்காலம் பக்கத்தை வாங்க வர்றதுக்குள்ள வந்துடுவேன். ராணி என்ன பேசணும்னு நீயே எழுதும்மா.

நீ வெளியே போனா பூட்டிக்க, சாவி செருப்பு அலமாரிக்குப் பின்னால.

கேப்டன் சிரிப்பையும் அழிச்சுட்டேன். முகம் இப்ப வெறுமையா இருக்கு. நீ எழுதினதைப் படிச்சுட்டுத்தான் வரையணும்.