அல்போன்சுக்கு மறுபடியும் ஞானஸ்நானமா?

பென்னாகரம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் அனிஷாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே அப்பா, நான், உன் தம்பி லியோன், மருமகள் கோகிலவாணி, குழந்தை எல்லாரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த ஜெர்மனிக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க ஜெபிக்கிறோம். உடம்பைத்தான் சொன்னேன், மனசைக் கேட்காதே, படபடப்பு இன்னும் அடங்கவில்லை. ஃபோனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்பாய். ஃபோனில் சொன்னால் டியூட்டிக்கு ஓடுகிற அவசரத்தில் பாதியைக் கேட்டுவிட்டு எனக்கே புத்தி சொல்லுவாய், குடும்ப குரூப்பில் போட்டாலோ உன் சித்தப்பா அடுத்த நிமிஷம் அதைச் சபை குரூப்புக்குத் தள்ளிவிடுவார். போன தடவை பேசும்போது ஒன்று சொன்னாயே, இன்னொரு தடவை தண்ணி ஊத்திட்டா என்னம்மா குறைஞ்சிடப் போகுது, அதுக்குப் போயி பாஸ்டர்கிட்ட சண்டையா என்று. அந்தப் பேச்சு என்னைக் குத்திக்கொண்டே இருக்கிறது, அதற்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், பொறுமையாகக் கடைசிவரை படி.

குழந்தை பிறந்த அன்றைக்கு நடந்ததை நீ பயப்படுவாய் என்று உனக்கு யாரும் முழுதாகச் சொல்லவில்லை. மாசம் நிறையாமல் பிறந்ததால் தருமபுரி ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். கோகிலவாணி ஆபரேஷன் மயக்கத்தில் கிடந்தாள், லியோன் மருந்துக்கு ஓடியிருந்தான். டாக்டரம்மா வெளியே வந்து, எங்களால ஆனதைப் பாக்கறோம், உறுதியா ஒண்ணும் சொல்ல முடியலைங்க, நீங்க வேணும்னா ஒரு தடவை பாத்துட்டு வந்துடுங்க என்றார். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று நர்ஸான உனக்குத் தெரியும். நம் சபை அறிவழகன் பாஸ்டருக்கு அப்பா விடாமல் ஃபோன் அடித்துப் பார்த்தார், அவர் சென்னையில் ஏதோ கூட்டத்தில் இருந்தார், ஃபோன் அணைத்திருந்தது. நான் தனியாக உள்ளே போனேன். கையகலத்துக்கு ஒரு உடம்பு, உதடெல்லாம் நீலம். அங்கிருந்த நர்ஸ் பெண்ணிடம் கொஞ்சம் தண்ணீர் கேட்டேன், மகராசி என்ன ஏது என்று கேட்காமல் காய்ச்சி ஆறின தண்ணீரைப் பாலாடையில் ஊற்றிக் கொடுத்தாள். அதைக் குழந்தை தலையில் சொட்டுச் சொட்டாக விட்டு, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் ஞானஸ்நானம் கொடுத்தேன். பேர் சொல்ல வேண்டுமே, லியோன் ஆசையாக யோசித்து வைத்திருந்த ரியான் என்கிற பேர் அந்த நேரத்தில் என் வாயில் வந்து தொலையவில்லை, என் அப்பா பேர்தான் வந்தது. அல்போன்ஸ் என்று சொல்லிவிட்டேன். லுத்தரன் சபையில் வேளாங்கண்ணி என்ற கத்தோலிக்கப் பேரோடு நீ ஒருத்தி உட்கார்ந்திருப்பது பத்தாதென்று இப்போது அல்போன்ஸ் வேறா என்று உன் அப்பா இன்றைக்கும் கேலி பேசுகிறார். லியோனுக்கு மனத்தாங்கல்தான். ஆனால் கோகிலவாணி, சாமி கும்பிடுகிற வீட்டிலிருந்து வந்த பெண், என்ன சொன்னாள் தெரியுமா, பேரு கொஞ்சம் பழசுதாங்க அத்தை, ஆனா நீங்க கூப்புட்ட பேருக்குத்தானே அவன் திரும்பி வந்தான், அதுவே இருக்கட்டுங்க என்றாள்.

நான் செய்தது ஒன்றும் புதுசு இல்லை. காட்டோர ஊர்களுக்குப் பாஸ்டர் எப்போதாவதுதான் வர முடிந்த காலத்திலிருந்தே, குழந்தை தேறாது என்று தெரிந்தால் பக்கத்தில் இருக்கிற விசுவாசி யாரானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது நம் சபை வழக்கம். நான் பிறந்த கத்தோலிக்க வீட்டுப் பக்கமும் அப்படித்தான். பிழைத்துக்கொண்டால் பிறகு கோவிலுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும், பாஸ்டர் எல்லார் முன்னாலும் கேட்பார், யார் கொடுத்தது, எதால் கொடுத்தது, என்ன சொல்லிக் கொடுத்தது என்று. பதில் சரியாக இருந்தால், சரியாகவே ஆகியிருக்கிறது என்று அறிவித்து ஆசீர்வதிப்பார், அவ்வளவுதான், மறுபடி தண்ணீரைத் தொடவே மாட்டார். அதை நம்பித்தான் குழந்தை தேறினதும் புதுச் சட்டை போட்டுத் தூக்கிக்கொண்டு போனோம். அறிவழகன் பாஸ்டர் கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. நேராகப் பிரசங்க மேடையில் ஏறி, சபைத் தலைமையிலிருந்து உத்தரவு வந்திருக்கிறது, குருப்பட்டம் பெறாத கை கொடுத்தது இனி ஞானஸ்நானமே இல்லை, அப்படி வாங்கினவர்கள் எல்லாரும் மறுபடி வாங்க வேண்டும், முதலில் இந்தக் குழந்தைக்கு அடுத்த ஞாயிறு என்றார். பளார் என்று அறைந்தது போல இருந்தது எனக்கு. நம் கண் முன்னால் வளர்ந்த பையன், இந்தச் சபைக்கே பாஸ்டராக வந்தபோது நாம் பட்டாசு வெடித்துக் கூட்டி வந்த பையன் அனிஷா.

நீ கேட்டாயே என்ன குறையும் என்று. அன்றைக்கு அந்தக் குழந்தை போயிருந்தால் நான் கொடுத்ததைப் பிடித்துக்கொண்டுதான் போயிருப்பான், வேறொன்றும் அவனிடம் இல்லை. இப்போது மறுபடி ஊற்றினால் முதலில் ஊற்றியது வெறும் தண்ணீர் என்று நானே ஒத்துக்கொண்டதாக ஆகும். ஆண்டவர் அந்த இடத்தில் இல்லை, சென்னைக் கூட்டம் முடிந்த பிறகுதான் வந்தார் என்று சொல்ல என்னால் முடியாது. அதுதான் குறையும்.

இதில் எனக்குப் பெரிய அதிர்ச்சி உன் அப்பா. பிரசங்கம் ஆரம்பித்தால் கண்ணை மூடுகிற மனுஷன், பஸ்ஸில் கண்டக்டராக இருந்தபோது கத்தினதோடு சரி, அதற்குப் பிறகு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்கு அங்கேயே எழுந்து நின்று, ஏனுங்க பாஸ்டர், ஒருதரம் டிக்கெட் கிழிச்சுக் குடுத்தா குடுத்ததுதான், கண்டக்டர் புதுசுன்னு சொல்லி இன்னொரு டிக்கெட் எடுக்கச் சொல்லுவீங்களா என்றார். கோவிலே சிரித்துவிட்டது. உடனே பின்னாலிருந்து ஐஸ்வர்யா, காலேஜ் படிக்கிற பெண், தண்ணீரும் ஆண்டவர் வார்த்தையும் இருந்தால் போதும், ஊற்றுகிற கை முக்கியமில்லை என்று இராப்போஜனத்துக்குத் தயார் பண்ணுகிற திடப்படுத்தல் வகுப்பில் நீங்கள்தானே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள், அது அப்போது பொய்யா, இப்போது பொய்யா என்று கேட்டாள். பாஸ்டர் முகம் தொங்கிப்போயிற்று, மேலிடத்து உத்தரவு, நான் என்னங்க பண்றது என்றே திருப்பித் திருப்பிச் சொன்னார். மூன்று கேள்வியையும் கேளுங்கள், அது போதும் என்று சபை ஒரே குரலாக நின்றது, குழந்தையை யாரும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.

அதற்குத்தான் போன ஞாயிறு தலைமையிலிருந்து இரண்டு பேர் காரில் வந்தார்கள். பெரியவர் மைக்கைப் பிடித்துச் சொன்னதை நான் ஒரு எழுத்தும் கூட்டாமல் எழுதுகிறேன், உபதேசம் எங்கள் வேலை, காணிக்கை உங்கள் வேலை என்றார். விசுவாசி எல்லாருமே குருதான் என்று சொல்லி ஆரம்பித்த சபை, வாசலில் லுத்தரன் கோவில் என்று போர்டு மாட்டிக்கொண்டு உள்ளே இப்படியும் பேச முடியுமா? அப்போதுதான் பெண்கள் பக்கம் முன் வரிசையிலிருந்து அறிவழகன் பாஸ்டருடைய அம்மா, நம் சமாதானம் அக்கா, எழுந்தார். என் மவன் பொறந்தப்போ மூச்சே இல்லாம நீலமா கெடந்தானுங்க, ஆத்துல வெள்ளம், பாஸ்டர் ஐயரு வர வழியில்ல, அடுப்படியில இருந்த என் நாத்தனாதான் சொம்புத் தண்ணிய ஊத்தி ஞானஸ்நானம் குடுத்தா, அப்பறமா ஐயரு வந்து கேள்வி கேட்டு சரின்னுட்டாரு, முடிஞ்சுபோன சங்கதின்னு இவங்கிட்ட நான் சொல்லவே இல்லீங்க, அப்படின்னா இந்த மேடையில நிக்கறவனும் இன்னும் ஞானஸ்நானம் ஆவாதவன்தானுங்களா என்று கேட்டார். அறிவழகன் கொடுத்த ஞானஸ்நானம், கட்டி வைத்த கல்யாணம், நாம் அவர் கையில் வாங்கின இராப்போஜனம் எல்லாம் என்னாகும் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். வந்தவர்கள் தங்களுக்குள் குசுகுசுவென்று பேசினார்கள், பிறகு பெரியவர் சிரித்துக்கொண்டே, இது ஒன்றும் பெரிய விஷயமில்லை, தண்ணீர் கொண்டுவாருங்கள், இப்போதே இவருக்குக் கொடுத்துவிடலாம் என்றார். தண்ணீரும் வந்துவிட்டது. வெள்ளை அங்கியோடு நின்றிருந்தார் அறிவழகன். மேலிடத்து உத்தரவு என்று இத்தனை நாள் நம்மிடம் சொன்னவர்தானே, குனிந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் தன் அம்மாவைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், எனக்கு ஏற்கெனவே ஆயிடுச்சுங்க என்றார். பெரியவர் காதில் விழாதது போலக் கிட்டே வந்தார். வேணாங்க, எனக்கு ஆயிடுச்சு என்று பின்னால் நகர்ந்துகொண்டார். நான் கோகிலவாணி தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்த இடத்திலேயே அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள், பாஸ்டர் வீட்டையும் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். அவர் அம்மா இருப்பது ஒற்றை அறை, மனைவி பிள்ளைகளோடு எங்கே போவார்? அப்பா யாரையும் கேட்கவில்லை, நேற்று மினி லாரியைக் கூட்டிக்கொண்டு போய்ச் சாமானோடு அவர்களை நம் வீட்டில் இறக்கிவிட்டார். என் கை கொடுத்தது ஒன்றுமில்லை என்று சொன்னவருக்கு நான் காபி போட்டுக் கொடுக்க வேண்டியதாயிற்று, கோபம் எனக்கு முழுதும் போகவில்லை, பொய் சொல்ல மாட்டேன். இன்றைக்குக் கோவிலுக்குப் பூட்டுப் போட்டிருந்ததால் சபையார் நம் வீட்டுக்கே வந்து ஜெபம் பண்ணினார்கள். முடிந்ததும் அறிவழகன் வேட்டியும் பழைய சட்டையுமாக எழுந்து, குழந்தையைக் கொண்டாங்கம்மா, கேக்க வேண்டியதைக் கேக்காம விட்டுட்டேன் என்றார். இப்போ உங்களுக்குத்தான் அதிகாரம் இல்லையே என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அதிகாரம் இல்லீங்க, கேக்கறதுக்கு வாய் இருக்குது என்றார். யார் கொடுத்தது என்று கேட்டார், நான் என்றேன். எதால் என்றார், தண்ணீரால் என்றேன். என்ன சொல்லி என்றார், அல்போன்ஸ் என்று ஆரம்பித்தவள் மேலே போக முடியாமல் அழுதுவிட்டேன், ஒருவரும் அவசரப்படுத்தவில்லை, அழுதுகொண்டே முழுதும் சொன்னேன். சரியாகவே ஆகியிருக்கிறது என்றார். பிறகு மூலையில் உட்கார்ந்திருந்த தன் அம்மாவிடம் போய் முன்னால் மண்டியிட்டு, எனக்கு யாரும்மா குடுத்தது என்று கேட்டார்.

உன் அறையைத்தான் அவர்களுக்கு விட்டிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன் பீரோ சாவியை எங்கே வைத்தாய் என்று உடனே சொல், பாவம் அந்தப் பிள்ளைகள் துணி மூட்டையிலேயே கிடக்கிறது. மே மாதம் நீ வரும்போதும் அவர்கள் இங்கேயேதான் இருப்பார்கள் போலிருக்கிறது, நீ என்னோடு ஹாலில் படுத்துக்கொள்ளலாம். அப்பாவுக்கு மூட்டுவலித் தைலம் வாங்கி வர மறக்காதே, வெறும் வயிற்றோடு நைட் டியூட்டிக்குப் போகாதே. நீ போகிற இடமெல்லாம் ஆண்டவர் உனக்கு முன்னால் போகட்டும், நல்ல மனுஷர் நடுவில் உன்னை வைக்கட்டும்.

எப்போதும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா வேளாங்கண்ணி