அம்மாவுக்கு ஒரு தாள், குட்டிக்கு ஒரு தாள்

அன்புள்ள குட்டியின் அப்பாவுக்கு,

நாங்கள் இருக்கிறோம். சுகமாக இருக்கிறோம் என்று எழுதக் கை வரவில்லை. போன் செய்தால் எடுக்கமாட்டீர்கள். கடிதத்தைக் கிழித்துப் போடவாவது கையில் எடுத்துத்தானே ஆகவேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை குட்டியைச் செக்கப்புக்குக் கூட்டிப்போனேன். வலது கண் நன்றாக இருக்கிறது. இடது பக்கம் வைத்த செயற்கைக் கண் சிறிதாகிவிட்டதாம். எட்டு வயதாகிறதே, முகம் வளர்கிறது, வேறு அளவெடுக்க வேண்டும். பள்ளியில் மற்ற பிள்ளைகள் பந்து விளையாடும்போது டீச்சர் இவளை ஓரமாக உட்கார்த்திப் பைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறாராம்.

டாக்டர் பார்த்து முடித்ததும் நர்ஸ் எங்களுக்கு ஆளுக்கொரு தாள் கொடுத்தார். கண்ணில் புற்றுநோய் வந்து பிழைத்த பிள்ளைகள் எப்படி வாழ்கிறார்கள் என்று தெரிந்துகொள்வதற்காம். ஒரே கேள்விகள்தான், தனித்தனியாக உட்கார்ந்து நிரப்ப வேண்டும். குழந்தை சோகமாக இருக்கிறதா என்பதற்கு 'இல்லவே இல்லை' என்று டிக் போட்டேன். நண்பர்கள் 'நிறைய' என்றேன். உயிரே தப்பியபின் என்ன குறை என்றுதான் நினைத்திருந்தேன். அவள் 'எப்போதும்' என்றும் 'யாரும் இல்லை' என்றும் போட்டிருந்தாள். கடைசியில் காலியாக விட்டிருந்த இடத்தில், "கண்ணை எடுத்ததும் என்னைப் பார்க்கப் பிடிக்காம அப்பா தூரமா வேலைக்குப் போயிட்டாங்க" என்று எழுதியிருந்தாள். நர்ஸ்தான் அதை எனக்குக் காட்டினார்.

அன்று சாயங்காலமே உங்கள் அக்காவிடம் போய் அழுதேன். அவருக்குத் தாங்கவில்லை. "கம்பி குத்தி அவன் கண்ணு போச்சுன்னு உங்கிட்ட சொன்னதெல்லாம் பொய்மா. ரெண்டு வயசுல அவனுக்கும் இதே நோய்தான். வெளிய மூச்சு விடக்கூடாதுன்னு வீட்ல அவன் வாயைக் கட்டிட்டாங்க" என்றார்.

நான்கு வருஷத்துக்கு முன்பு டாக்டர் உங்கள் செயற்கைக் கண்ணைப் பார்த்துவிட்டு, குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் உண்டா என்று கேட்டார். இல்லை என்றீர்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். அவள் பிறந்தபோதே சொல்லியிருந்தால் அப்போதிருந்தே பரிசோதித்திருப்பார்கள், அந்தக் கண் தப்பியிருக்கலாம். மூன்று நாள் உங்களைத் திட்டாத வார்த்தை இல்லை. பாத்திரமெல்லாம் நசுங்கிக் கிடக்கிறது. நாலாம் நாள்தான், ஆபரேஷன் முடிந்து வந்தவளைத் தொடாமல் நீங்கள் சுவரோரம் நின்றது நினைவுக்கு வந்தது. அருவருப்பு என்றல்லவா நினைத்தேன். 'நான் கொடுத்த நோய்' என்று நின்றிருக்கிறீர்கள்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதமாட்டேன். இன்னும் முடியவில்லை. ஆனால் இந்த நோய் பரம்பரையாக வந்தவர்கள் எத்தனை வயதானாலும் உடம்பைச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். நீங்களும் போய்க் காட்டுங்கள். அசட்டையாக இருக்காதீர்கள்.

நேற்று தலை வாரும்போது குட்டி, "இந்த மாதிரிக் கண்ணோட பெரியவங்க யாராச்சும் இருக்காங்களாம்மா? இல்ல, அதுக்குள்ள செத்துடுவாங்களா?" என்று கேட்டாள். எனக்கு வாய்வரை வந்துவிட்டது. சொல்லவில்லை. அது நீங்கள் சொல்ல வேண்டியது.

பதினோரு வருஷக் குடித்தனத்தில் எனக்குக்கூட நீங்கள் அந்தக் கண்ணைக் கழற்றிக் காட்டியதில்லை. எனக்கு வேண்டாம். ஒருமுறை வந்து, அவள் எதிரில் உட்கார்ந்து, அவளுக்குக் காட்டுங்கள்.

வழிபார்த்திருக்கும்,
உங்கள் மனைவி