கிராவல் ஒரு லோடு, கால் அளவு க.பூ.

அன்புள்ள சில்வண்டுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், உன் அப்பா நலம் மாதிரி இருக்கிறார், வாசலில் மிச்சம் கிடக்கிற கிராவலும் நலம். அங்கே நீயும் உன் சைக்கிளும் உன்னைக் கட்டிக்கொண்ட அந்தப் பொறுமைசாலியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் உன் குரல் கேட்டதும் உன் அப்பா ஸ்பீக்கரில் போடு என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார், அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றி எப்படிப் பேசுவது, அதனால்தான் கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். முதலாளி லென்ஸ் வாங்கப் போயிருக்கிறார். நடுவில் யாராவது ஒரு மூக்கைத் தூக்கிக்கொண்டு வந்தால் எழுந்து போய் ஃபிரேம் மாட்டிவிட்டு வருவேன், அங்கங்கே வாக்கியம் அறுந்திருந்தால் நீயே ஒட்டிக்கொள்.

முதலில் கிராவல் விஷயம். உன் அப்பா அதை ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி, இப்போது எதிரே வருகிறவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்த பிறகுதான் வணக்கம் சொல்கிறார்கள். மூன்று மாதத்துக்கு முன்னால் நீ அனுப்பிய செய்தி இன்னும் என் போனில் இருக்கிறது. "அம்மா, அப்பாவுக்கு கிராவல்தான் சரி. ரொம்ப மலிவும் வேண்டாம், ரொம்ப காஸ்ட்லியும் வேண்டாம், நடுத்தரமா ஒண்ணு இறக்கிடு. அந்தப் பின்சந்துக்கு அதுதான் தாங்கும்" என்று எழுதியிருந்தாய். சைக்கிள் என்ற சொல் அதில் எங்கேயாவது இருக்கிறதா, நீயே எடுத்துப் பார். அந்தப் பின்சந்தில்தானே எட்டு மாதத்துக்கு முன்னால் மழைச் சேற்றில் சைக்கிள் வழுக்கி விழுந்து காறை எலும்பை உடைத்துக்கொண்டார். சேற்றுக்கு மேல் கிராவல் மண் கொட்டினால் இனி வழுக்காது, பிள்ளை அவ்வளவு தூரத்தில் இருந்தும் அப்பா கால் வைக்கிற இடத்தைப் பற்றி யோசிக்கிறதே என்று எனக்குக் கண்கூடக் கலங்கிவிட்டது. உடனே மணல், ஜல்லி விற்கிற கடைக்குப் போன் போட்டேன். ஒரு லோடா, அரை லோடா என்று கேட்டார்கள். பெரியவர் விழாமல் இருக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு, நடுத்தர விலையில், என்றேன். மறுநாள் காலையில் டிப்பர் வந்து நின்று, "லோடு எங்கம்மா தட்டுறது?" என்று டிரைவர் கேட்டு முடிப்பதற்குள் கேட்டை மறைத்து ஒரு குன்று எழுந்துவிட்டது. உன் அப்பா வெளியே வந்தார். குன்றை ஒரு சுற்றுச் சுற்றினார். நீ எழுதியதை வாங்கிப் படித்தார். பிறகு ரொம்ப அக்கறையாக, "இதுல எத்தனை கியர்?" என்று கேட்டார். எதிர்வீட்டு நர்ஸும் அவள் புருஷனும் நானும் இரண்டு நாள் மண்வெட்டி பிடித்து அதைச் சந்து திரும்புகிற இடம் வரைக்கும் பரப்பினோம். அவர் கைகட்டி நின்று மேற்பார்வை பார்த்தார். வேலை செய்தது நாங்கள், துண்டால் முகம் துடைத்துக்கொண்டது அவர்.

சரி, கிராவல் என்பது அந்த மாதிரி கரடுமுரடுப் பாதைக்கென்றே செய்கிற ஒரு ஜாதி சைக்கிள் என்று இப்போது எனக்கும் தெரியும். தெரியாமல் இருக்க உன் அப்பா விட்டால்தானே. நீ ஒன்றைப் பார்க்கச் சொன்னாய், அவர் பதினான்கைப் பார்த்துவிட்டார். ஆபீஸில் இருந்து ஓய்வுபெறும்போது எடுத்துக்கொண்டு வந்த அந்த நீள ரிஜிஸ்டர் இருக்கிறதே, முப்பத்தொரு வருடம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் படித்து எழுதின மாதிரியே அதில் கட்டம் போட்டு, ஃபிரேம் எதில் செய்தது, டயர் எவ்வளவு அகலம், பிரேக் கம்பியா எண்ணெயா, எடை என்ன, விலை என்ன என்று ஒவ்வொன்றாக நிரப்பியிருக்கிறார். மூன்று மாதமாக நம் வீட்டில் வேறு பேச்சே கிடையாது. அலுமினியம் மலிவு, ஆனால் கல்லில் ஏறினால் அந்த அதிர்ச்சி நேரே தோளுக்கு வரும். ஸ்டீல் அதிர்ச்சியைத் தாங்கும், ஆனால் மாடிப்படியில் தூக்க இன்னொரு ஆள் வேண்டும். கார்பன் பஞ்சு மாதிரி, ஆனால் விலையைக் கேட்டால் படுத்துவிடுவோம். ஹேண்டில் வளைந்திருந்தால் அது ஆட்டுக்கொம்பு, நேராக இருந்தால் அப்புறம் அது என்ன கிராவல். டயர் நாற்பது மில்லிமீட்டர் என்றால் ஒல்லி, ஐம்பது என்றால் இழுக்கும். ஒரு சம்பந்தம் பேசுகிற இடத்தில்கூட இவ்வளவு குறை நான் கேட்டதில்லை.

உன் மாமாவின் சைக்கிளையும் போய்ப் பார்த்தார். என் தம்பியைத்தான் உனக்குத் தெரியுமே, பல் டாக்டர், ஊரார் வாயில் கைவைத்துச் சம்பாதிக்கிறான், கார்பனில் அதுவும் மேல்தட்டில் ஒன்று வாங்கி ஹாலில் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறான். எண்ணெய் பிரேக், பன்னிரண்டு பல்சக்கரம், ஒரு விரலில் தூக்கலாம். ஞாயிற்றுக்கிழமை அதை இறக்கித் துடைத்து, ரொட்டிக் கடை வரைக்கும் ஓட்டி, ஒரு பாக்கெட் ரொட்டியோடு திரும்பி வந்து மறுபடி மாட்டிவிடுவான். "அத்தான், ஓட்டிப் பாருங்க" என்று கெஞ்சினான். அத்தான் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, "கார்பன்ல ஒரு கல்லு பட்டா விரிசல் விட்டுடும்ப்பா" என்று சொல்லிவிட்டுக் காபி குடித்தார். எதிர்வீட்டு நர்ஸ் வைத்திருப்பது யாரோ நான்கு வருடம் ஓட்டிவிட்டு விற்ற ஸ்டீல். பெயிண்ட் உரிந்திருக்கும், கியர் மாற்றினால் கடகட என்று சத்தம் வரும், ஆனால் அவள் தினமும் அதில்தான் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள், பின்னால் டிபன் பாக்ஸ், முன்னால் மழைக்கோட்டு. என்னைக் கேட்டால் இந்தத் தெருவில் பணத்துக்கு முழு மதிப்பு வாங்கினவள் அவள்தான். அதையும் அவர் தட்டிப் பார்த்துவிட்டு, செகண்ட்ஹேண்டில் என்ன ஒளிந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும் என்றார். கடைசியில் சைக்கிள் கடைக்காரர். எதைச் சொன்னாலும் 'அதாவது' என்றுதான் தொடங்குவார், அதனால் நம் வீட்டில் அவர் பெயரே அதாவது. அவர் பாவம் இரண்டு முறை வண்டி வைத்து வீட்டுக்கே சைக்கிள் கொண்டுவந்து காட்டினார். "அதாவது சார், ஏறி ஒரு ரவுண்டு போனாத்தான் தெரியும்" என்றார். சார் செயின் கண்ணிகளை எண்ணினார், ஏறவில்லை.

எனக்கு அப்போதுகூட உறைக்கவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று கிண்டல்தான் செய்துகொண்டிருந்தேன். போன வாரம் கடைக்கு ஒரு மனிதர் வந்தார். முப்பத்தாறு ஃபிரேம் போட்டுப் பார்த்தார். ஒன்று மூக்கில் அழுத்துகிறது, ஒன்று காதில் நிற்கவில்லை, ஒன்றில் வயதானவர் போல் தெரிகிறார். இருபத்திரண்டு வருடமாக இந்த வேலை பார்க்கிறேன், ஐந்தாவது ஃபிரேமிலேயே எனக்குத் தெரிந்துவிடும், இவருக்குக் கண்ணாடி வேண்டாம், கண் கெட்டுவிட்டது என்று ஒத்துக்கொள்ளவும் வேண்டாம். அவர் எதுவும் வாங்காமல் போனதும் ஃபிரேம்களை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தேன், முப்பத்தாறில் பதினான்கை அடுக்கும்போது கை அப்படியே நின்றுவிட்டது. வாடிக்கையாளரிடம் ஐந்தாவதில் கண்டுபிடிக்கிறவள் சொந்தப் புருஷனிடம் பதினான்கு வரை போயிருக்கிறேன்.

மறுநாளே சந்தேகம் தீர்ந்தது. கண்ணாடி விற்கிறவள் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு, பத்தரை மணிக்கு எடுக்க வந்தேன். பின்பக்கம் ஷெட்டில் உன் அப்பா பழைய சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். வண்டியைச் சாய்த்தார், வலது காலைப் பாதி தூக்கினார், அப்படியே கீழே வைத்துவிட்டார். மறுபடி தூக்கினார், வைத்தார். மூன்றாவது தடவை கால் தரையை விட்டு எழவே இல்லை. அப்புறம் துணியை எடுத்து, தூசியே இல்லாத சீட்டை ரொம்ப நேரம் துடைத்தார். முப்பத்தொரு வருடம் நாய், வெயில், மழை எதற்கும் சைக்கிளை விட்டு இறங்காத மனிதர் அவர். நான் வந்த சுவடு தெரியாமல் திரும்பிப் போய்விட்டேன், கண்ணாடியையும் எடுக்கவில்லை. அன்று முழுக்க அழுதேன், மறைக்க மாட்டேன். கண்ணாடி போடாமல் கண்ணில் தண்ணீர் வருகிறது என்று முதலாளி சொட்டு மருந்து கொடுத்தார்.

சாயங்காலம் அவர் பேப்பர் வாங்கப் போன சமயத்தில் ரிஜிஸ்டரைத் திறந்தேன். பதினான்கு சைக்கிளுக்கும் எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. மேலே, 'ஓட்டுபவர்' என்று எழுதி, வயது, எடை, உயரம் எல்லாம் போட்டிருந்தார். கால் அளவு என்ற இடத்தில் மட்டும் 'க.பூ.' என்று இருந்தது. உனக்கு நினைவிருக்கிறதா, மீட்டர் படிக்கப் போகிற வீட்டில் ஆள் இல்லாவிட்டால் கதவு பூட்டு என்பதைச் சுருக்கி அப்படித்தான் எழுதுவார். சின்ன வயதில் நீ மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தால்கூட, "இன்னிக்கு சில்வண்டு க.பூ." என்பார். தன்னைத் தானே படிக்கப் போன இடத்திலும் கதவு பூட்டியிருக்கிறது, அதை ஒளிக்காமல் எழுதியும் வைத்திருக்கிறார், படிக்கத்தான் வீட்டில் ஆள் இல்லை.

அடுத்த நாளே நம் 'அதாவது'வின் கடைக்குப் போய் எனக்கு ஒன்று வாங்கிவிட்டேன். பதறாதே, என் சம்பளத்தில்தான். இருப்பதிலேயே சின்ன ஃபிரேம், அலுமினியம், கம்பி பிரேக், நாற்பது மில்லிமீட்டர் டயர், மலிவுக்கு ஒரு படி மேல். சீட்டைப் பாதாளத்துக்கு இறக்குங்கள், டயரில் கல்லு மாதிரி காற்று அடியுங்கள் என்றேன். "அதாவது மேடம், அது தப்பு" என்றார். தப்பாகத்தான் வேண்டும் என்றேன். அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக 'அதாவது' சொல்லாமல், "சரி" என்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைச் சந்தில் இறக்கினேன். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு சைக்கிள் தொட்டதில்லை. கிராவலில் முப்பது அடி போனேன், முழங்கால் முகவாயில் இடித்தது, டயர் ஒவ்வொரு கல்லுக்கும் துள்ளியது. பின்கதவு படார் என்று திறந்தது. "ஏய், நில்லு. சீட்டு எங்க இருக்கு, நீ எங்க இருக்கே?" என்று ஸ்பானரோடு ஓடி வந்தார். சீட்டைத் தூக்கினார். டயரை அழுத்திப் பார்த்து, "எந்த மடையன் இவ்வளவு அடிச்சான்? மண்ணுல ஓட்டணும்னா கொஞ்சம் இறக்கணும்" என்று காற்றை விட்டார். இப்போது ஏறு என்றார். நான் ஏறவில்லை. எனக்குக் கால் நடுங்குகிறது, விழுந்துவிடுவேன் என்று பயமாக இருக்கிறது, நீங்கள் வேண்டுமானால் ஓட்டிப் பாருங்கள் என்றேன். நான் போட்ட திட்டத்தில் இந்த வசனமும் இருந்தது, ஆனால் சொல்லும்போது கால் நிஜமாகவே நடுங்கியது. அவர் என் காலைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். "பயமாதான் இருக்கும்" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு காலைத் தூக்கிப் போட்டார்.

அந்தச் சின்ன சைக்கிளில் அவர் உட்கார்ந்த அழகை நீ பார்க்கவேண்டும், முழங்கால் இரண்டும் தவளை மாதிரி இரண்டு பக்கமும் விரிந்திருந்தது. முதலில் வண்டி ஆடியது, ஒரு காலை ஊன்றினார். மறுபடி மிதித்தார். சந்து திரும்புகிற இடத்தில் மறைந்துவிட்டார். நான் கொட்டிய கிராவல் அதுவரைதான், அதற்கு அப்பால் பழைய சேறு. எதிர்வீட்டு நர்ஸ் டூட்டிக்குக் கிளம்பி வந்தவள், "யாருக்கா போனது?" என்றாள். அவர்தான் என்றேன், அவளும் என் கூடவே நின்றாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு கல் நெரிபடுகிற சத்தம் கேட்டது. கால்சட்டையெல்லாம் சேறு, வந்து இறங்கினார், மூச்சு வாங்கியது. ஒரு மன்னிப்போ கண்ணீரோ கிடையாது. "இந்த சைக்கிள் வேலைக்கு ஆகாது. எனக்கு இதைவிட ரெண்டு சைஸ் பெருசு வேணும்" என்றார். மூன்று மாதமாக ஃபிரேம், டயர், பிரேக் என்று பேசிய வாயில் 'எனக்கு' என்ற சொல் அன்றுதான் வந்தது.

உள்ளே வந்து அவரே டேப் கேட்டார். சுவரோடு ஒட்டி நிற்கவைத்து, கால் இடுக்கில் ஒரு தடிப் புத்தகத்தைக் கொடுத்து, குனிந்து அளந்தேன். ரிஜிஸ்டரில் க.பூ.வை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, எண்பத்திரண்டு செ.மீ. என்று எழுதி, ஆபீஸ் வழக்கப்படி பக்கத்தில் தேதியும் கையெழுத்தும் போட்டார். அந்தப் பக்கத்தை நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். ஸ்டீல்தான் எடுக்கப் போகிறாராம், நடுத்தர விலை, அகல டயர். ஆகவே இனிமேல் ஒப்பிட்டுப் பார்க்க எதையும் அனுப்பித் தொலைக்காதே, மனிதர் பதினைந்தாவது கட்டம் போட்டுவிடுவார். லீவு தேதியை மட்டும் அனுப்பு. வாய்க்கால் கரையோரம் மூன்று நாள் சேர்ந்து போகலாம் என்று நீ சொன்னதை நான் கேட்காமலேயே நேற்று அவரே எடுத்தார், தலைக்கவசம் இல்லாமல் உன்னைக் கூட்டிப் போகமாட்டாராம்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், விழுந்தாலும் எழுந்து, நூறு வருடம் ஓட்டிக்கொண்டே இருக்கவேண்டும். ஷெட்டில் நான் பார்த்ததை அவரிடம் மூச்சு விடாதே, அது உனக்கும் எனக்கும் மட்டும். கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைக்காதே என்று எத்தனை தடவை சொல்வது. இனி எனக்குச் செய்தி அனுப்பும்போது முழு வாக்கியமாக அனுப்பு, சந்தில் இன்னொரு லோடுக்கு இடம் இல்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
(சின்ன ஃபிரேம், மலிவுக்கு ஒரு படி மேல்)