அம்பிட்டிய வளைவில் வெயில்

கண்டி,
புதன்கிழமை.

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்களும் அம்மாவும் நலமா? பிரஷர் மாத்திரையை விட்டுவிடாதீர்கள். எனக்கு ஒரு குறையும் இல்லை. இடது கையால் எழுதுவதால்தான் எழுத்து இப்படிக் கோணல்.

ஞாயிறு லீவில், காலை வெயிலில் பாதையைப் படம் எடுக்க அம்பிட்டியப் பக்கம் போனேன். வளைவில் பஸ் மெதுவாகத் திரும்பினால் படம் நன்றாக வருமே என்று கையைக் காட்டினேன். ஆள் ஏறப்போகிறான் என்று நினைத்து டிரைவர் சட்டென்று பிரேக் அடித்தார். போட்டிக்கு ஓடி வந்த பஸ் பின்னால் மோதியது. அதன் டிரைவர் இரும்புக் கம்பியோடு இறங்கினான்.

“படம் புடிக்கவாடா பஸ்ஸ நிப்பாட்டுன?”

முதல் அடி வலது மணிக்கட்டில். விழுந்ததும் இரண்டு டிரைவர்களும் சேர்ந்து மிதித்தார்கள். பல் இரண்டு போனது. போனையும் நொறுக்கிவிட்டார்கள், அதனால்தான் கடிதம். கேமராவை மட்டும் வயிற்றுக்கடியில் வைத்துக் காப்பாற்றினேன்.

அம்மாவிடம் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லுங்கள். கழுத்து அகலமான பனியன் இரண்டு அனுப்புங்கள். சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட இங்கே ஆளில்லை.

ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றக் கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன். அவன் கம்பியை ஓங்கி வந்தபோது என் விரல் தானாக ஒரு படம் எடுத்திருக்கிறது. அப்பா, அந்த முகத்தில் வெயில் அவ்வளவு அழகாக விழுந்திருக்கிறது. அழிக்க மனம் வரவில்லை.

உங்கள் மகன்,
சுகுமாரன்