மூன்று கொட்டேஷன், ஒரு கப்பல்

மார்ச் 4, செவ்வாய்

கப்பலுக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது. பால்கனி வைத்த அறை, இரண்டு பேருக்கு. பெட்டி தூக்க ஓர் ஆள், திரைச்சீலை இழுக்க ஓர் ஆள் என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள். திரைச்சீலையை நானே இழுத்துக்கொள்வேன். ஆனாலும் அந்த ஆள் நிற்கட்டும், காசு கொடுத்திருக்கிறோம். என் மூக்குக்கண்ணாடிக் கடையை விற்ற பணத்தில் இந்த ஒரு ஆடம்பரத்தையாவது செய்துகொள்வது என்று ஜனவரியிலேயே முடிவு செய்திருந்தேன். முப்பது வருஷம் அடுத்தவர் கண்ணுக்கு எழுத்துப் பலகையைக் காட்டிக்கொண்டு நின்றவள் நான். இனி கொஞ்சம் கடலைப் பார்க்கிறேன்.

கூட வருவது என் நாத்தனார். என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை. அவர் போன பிறகு எனக்கு மேல் மாடியில் குடிவந்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பம்பு செய்கிற கம்பெனியில் கொள்முதல் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றாள். அங்கே எதை வாங்குவதானாலும் மூன்று இடத்தில் விலை கேட்க வேண்டுமாம். வேலை போய்விட்டது, வழக்கம் போகவில்லை. குடை வாங்கக்கூட மூன்று கொட்டேஷன். அதனால் இந்தக் குறிப்பில் அவள் பெயரே கொட்டேஷன்.

சிக்கல் என்னவென்றால் கப்பல் நம் ஊரிலிருந்து புறப்படவில்லை. விமானத்தில் போய்த்தான் ஏற வேண்டும். "டிக்கெட் வேலைய எங்கிட்ட விடுங்க அண்ணி" என்றாள். சரி என்று தலையாட்டிவிட்டேன். ஆட்டியிருக்கக் கூடாது.

மார்ச் 6, வியாழன்

கப்பல் கம்பெனி அனுப்பிய தாளில் "விமானம் இலவசம்" என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. எனக்கு வாயெல்லாம் பல். கொட்டேஷன் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, கீழே இருந்த பொடி எழுத்தைப் படித்தாள்.

"இலவசம்னு ஒண்ணு கிடையாது அண்ணி. கப்பல் கட்டணத்துலயே சேர்த்திருக்காங்க."

"சேர்த்தா என்ன? பறக்கும் இல்ல?"

"எந்த விமானம், எத்தனை மணிக்கு, எந்த வழி, எதுவும் நம்ம கையில கிடையாது. அவங்க போடறதுதான்."

எனக்கு அவள் நடத்திய பாடம் இது: இலவச விமானம் வேண்டாம் என்றால் கப்பல் கட்டணத்தில் ஒரு தொகையைக் கழிப்பார்கள், டிக்கெட்டை நாமே வாங்கிக்கொள்ள வேண்டும். நமக்குப் பிடித்த நாள், பிடித்த வழி என்று அவர்களையே கேட்டால் போட்டுத் தருவார்கள், அதற்குத் தனியாகக் கட்டணம். படுத்துக்கொண்டே போகிற உயர் வகுப்பு வேண்டுமானால் அதற்கும் மேலே. அந்த "மேலே"யை எட்டிப் பார்த்தேன். கடையில் நல்ல ஃபிரேமாக இருபது விற்றால் வருகிற லாபம். அதுவும் ஓர் ஆளுக்கு.

எனக்கு மூட்டு வலி உண்டு. இருபது ஃபிரேம் பெறுகிற மூட்டு என்றுதான் தோன்றுகிறது.

மார்ச் 9, ஞாயிறு

மூன்று கொட்டேஷனும் சாப்பாட்டு மேஜைக்கு வந்துவிட்டன. சாப்பாடுதான் வரவில்லை.

முதலாவது, கம்பெனியின் இலவசம். இரண்டாவது, நாமே வாங்குகிற நேர் விமானம். மலிவு. ஆனால் ரத்து செய்தால் ஒரு காசு திரும்ப வராது, பெட்டிக்குத் தனிக் காசு. விமானம் தாமதமானால் கப்பல் நமக்காக நிற்காது. ஆகவே ஒரு நாள் முன்னதாகவே போய் அறை எடுத்துத் தங்க வேண்டும். மலிவு அங்கேயே கரைந்துவிடும். மூன்றாவது, நாமே வாங்குவதுதான், ஆனால் மூன்று ஊர்களில் இறங்கி ஏறிப் போவது. ஒன்றரை நாள் பிடிக்கும். இரண்டாவதைவிட விலையும் அதிகம்.

கொட்டேஷன் பரிந்துரைப்பது மூன்றாவதை.

நான் இரண்டு முறை பார்த்தேன். ஐந்து காசு குறைவு என்பதற்காகத் தக்காளிக்கு அடுத்த தெரு வரை நடப்பவள் இவள்.

"காசும் ஜாஸ்தி, நேரமும் ஜாஸ்தி. இதையா சொல்ற?"

"நடுநடுவுல இறங்கிக் கால் நீட்டிக்கலாம். எனக்கென்ன, உங்க மூட்டுக்காகத்தான் சொல்றேன்."

மார்ச் 10, திங்கள்

என் மூட்டு அவளிடம் எதுவும் கேட்கவில்லை.

மார்ச் 15, சனி

டிக்கெட் ஏஜென்சிக்குப் போனோம். அங்கே இருக்கும் பெண் என்னிடம் கண்ணாடி வாங்கியவள். இடது கண்ணில் பவர் அதிகம், நல்ல பெண். கம்பெனி போடும் டிக்கெட்டில் ஒரு வசதி உண்டு என்றாள். விமானம் தாமதமாகிக் கப்பலை விட்டுவிட்டால், அடுத்த துறைமுகத்திலாவது கொண்டுபோய் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. நாமே வாங்கினால் தலைவலி நம்முடையது. வேண்டுமா வேண்டாமா என்று முப்பத்தொன்றாம் தேதிக்குள் சொல்லிவிட வேண்டும்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. அப்போது கொட்டேஷன் கேட்டாள்.

"நேர் விமானத்துல, நடுவுல ஒருத்தருக்கு இறங்கணும்னு தோணிச்சுன்னா?"

"வழியில ஒரு ஊர்ல தங்கிப் போகணுமா மேடம்?"

"இல்ல. சும்மா. தோணிச்சுன்னா."

அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். கொட்டேஷன் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்: "எனக்கென்னமோ இந்தக் கப்பல் கம்பெனி மேலயே நம்பிக்கை வரல. விட்டுடலாமே. முன்பணம் போனாப் போகுது."

போனாப் போகுது. இந்த வாயிலிருந்து.

மார்ச் 16, ஞாயிறு

பல் தேய்க்கும்போது பொறி தட்டியது. பயம். கொட்டேஷனுக்கு விமானம் என்றால் பயம்.

மூன்று ஊர்களில் இறங்கி ஏறுவது ஏன்? ஒவ்வொரு தாவலும் சின்னது. ஏறினோம் என்றால் இறங்கிவிடலாம். அதற்குத்தான் அவ்வளவு பணம், அவ்வளவு நேரம், நடுவில் பாவம் என் மூட்டு. முப்பது வருஷம் ஊரார் கண்ணைப் பார்த்தே பிழைத்தவள், மேல் மாடிக்காரி கண்ணில் இருந்ததைப் பார்க்கவில்லையே. ஏஜென்சியில் வேறு சிரித்தேன்.

அவள் வராவிட்டால்? ஒற்றை ஆளாகப் போனாலும் அறைக்கு இரண்டு பேர் கட்டணம்தான், அது விதி. ஆனால் நான் கவலைப்படுவது அதற்காகவா? எழுதிவிடுகிறேன், யார் படிக்கப் போகிறார்கள். பால்கனியில் தனியாக உட்கார்ந்து கடலைப் பார்க்க எனக்குப் பிடிக்காது. காப்பி சூடாக இல்லை என்று யாரிடம் சொல்வேன்? அந்தத் திரைச்சீலைக்காரனைப் பற்றி யாரிடம் பேசுவேன்? அவள் வரவில்லை என்றால் நானும் போகப்போவதில்லை. அவ்வளவுதான்.

மார்ச் 18, செவ்வாய்

மேலே போனேன். சுற்றி வளைக்கவில்லை.

"உனக்கு விமானத்துல ஏற பயமா?"

முதலில் பூசி மெழுகினாள். எரிபொருள் விலை, காலநிலை, கம்பெனிகளின் நாணயம் என்று ஏதேதோ சொன்னாள். நான் எழுந்திருக்கவில்லை. அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையை மடியில் மடித்து மடித்து வைத்துக்கொண்டு சொன்னாள்.

"ஒரு தடவைகூட ஏறினதில்ல அண்ணி. கம்பெனியில விமான டிக்கெட் போடறேன்னு எத்தனையோ தடவை சொன்னாங்க. ரயில்தான் மலிவு சார், கம்பெனிக் காசு வீணாக்கக் கூடாதுன்னு சொல்லிடுவேன். அதுக்கு ஒரு வருஷம் மேடையில கூப்பிட்டுப் பரிசே குடுத்தாங்க. சிக்கனத்துக்கு."

"அந்தச் சுவர்க் கடிகாரமா?"

"அதேதான்."

இரண்டு பேரும் கடிகாரத்தைப் பார்த்தோம். எனக்குச் சிரிப்பு முட்டியது. இந்த முறை அவள்தான் முதலில் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "நீங்க போயிட்டு வாங்க. நான் செடிக்குத் தண்ணி ஊத்தறேன்" என்றாள்.

போடி நீயும் உன் செடியும். நான் அப்படிச் சொல்லவில்லை. இங்கேதான் எழுதுகிறேன். அவளிடம் சொன்னது வேறு: "ஒத்திகை பார்ப்போம். பக்கத்து ஊருக்கு ஒரு குட்டி விமானம். ஏறுவோம், இறங்குவோம், அங்க ஒரு காப்பி, திரும்பி வருவோம். பிடிக்கலன்னா கப்பல் வேண்டாம். ரெண்டு பேருக்குமே வேண்டாம்."

முந்தானையை மறுபடி மடிக்கத் தொடங்கினாள். நான் கீழே வந்துவிட்டேன்.

மார்ச் 20, வியாழன்

ஒத்திகை விமானத்துக்கு மூன்று கொட்டேஷன் கதவு இடுக்கு வழியாக உள்ளே தள்ளப்பட்டிருக்கின்றன. மலிவானதை வட்டமிட்டிருக்கிறாள். சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

மார்ச் 29, சனி

ஒத்திகை முடிந்தது. வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

இருக்கையில் பெல்ட்டை இறுக்கியது போதாதென்று கைப்பை வாரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். சக்கரம் ஓடத் தொடங்கியதும் என் வலது கையைப் பிடித்தாள். பிடித்தாள் என்றால், என் மோதிரம் விரலிலேயே அச்சாகிவிட்டது. மேலே போய் நேரானதும் ஒரு கண்ணைத் திறந்தாள். பிறகு இன்னொன்றை. "மேகம் கீழ இருக்கு" என்று எனக்குத் தகவல் சொன்னாள்.

இனி எல்லாம் நன்றாகத்தான் போகும் என்று நினைத்தேன். திரும்பி வரும்போது விமானம் கொஞ்சம் குலுங்கியது. விமான நிலையத்தில் ஆசைப்பட்டுத் தின்ற இரண்டு கிரீம் பன்னும் என்னிடம் விடைபெற முடிவு செய்தன. யாருக்கு என்ன ஆகிவிடுமோ என்று பத்து நாளாகப் பயந்தேனோ, அவள்தான் எனக்கு வாந்திப் பையைப் பிரித்துப் பிடித்தாள். முதுகைத் தடவிவிட்டாள். நான் நிமிர்ந்ததும் அந்தப் பையைத் தூரப் பிடித்து ஆராய்ந்தாள்.

"இது சின்ன சைஸ் அண்ணி. தாளும் மெலிசு. கொள்முதல்ல எவனோ ஏமாந்திருக்கான்."

என் கொட்டேஷன் திரும்பி வந்துவிட்டாள்.

மார்ச் 31, திங்கள்

கடைசி நாள். மறுபடியும் ஏஜென்சி. கம்பெனி விமானமே போதும், தலைவலி அவர்களுடையதாக இருக்கட்டும் என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னோம். நான் மட்டும் உயர் வகுப்பை விடுவதாக இல்லை. அவளுக்கும் சேர்த்து நானே கட்டுவதாக இருந்தேன். ஃபிரேம் கணக்கு வேண்டாம், இனி கடையும் இல்லை.

அந்தப் பெண் படம் காட்டினாள். ஆளுக்கொரு தொட்டி மாதிரி இருக்கை. சாய்த்தால் படுக்கை. பார்க்கவே என் மூட்டு இளகியது. கொட்டேஷன் படத்தின் நடுவில் விரலை வைத்தாள்.

"ரெண்டுக்கும் நடுவுல இது என்ன?"

"தடுப்பு மேடம். தனிமைக்கு. மூடிடலாம்."

"ஓ. நல்லா இருக்கு" என்றாள். "அண்ணிக்குக் கால் நீட்ட வசதியா இருக்கும்."

நன்றாக இருக்கிறது என்று சொன்னவள் கையைப் பார்த்தேன். மேஜைக்கு அடியில், தன் ஒரு கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சாதாரண வகுப்புல நடுவுல என்ன இருக்கும்மா?" என்று கேட்டேன்.

"கை வைக்கிற கட்டை மட்டும்தான். தூக்கிடலாம்."

"அதுவே போடு."

"உங்க மூட்டு?" என்றாள் கொட்டேஷன்.

"அதுகிட்ட நான் பேசிக்கறேன்."

பஸ்ஸில் எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தாள். மாடிக்குக் குடிவந்த ஆறு வருஷத்தில் முதல் தடவை.

மே 2, வெள்ளி

கம்பெனி டிக்கெட் வந்தது. ஒரே விமானம், எங்கும் நிற்காது, பகல் பயணம், பக்கத்துப் பக்கத்து இருக்கை. மாடிக்குப் போய் நீட்டினேன். படித்தாள். "எட்டு மணி நேரமா" என்று மட்டும் கேட்டாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஒத்திகையில் பறந்தது முக்கால் மணி நேரம்தானே. எட்டு மணி நேரம் வேறு சங்கதி.

மாலையில் கீழே வந்தாள். பெட்டி எடை பார்க்கத் தராசு இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். நாளைக்கு மூன்று கடையில் விசாரிப்பாள்.

ஜூன் 12, வியாழன்

எழுத்து கோணலாக இருக்கிறது. விமானத்தில் எழுதுகிறேன். இடது கையால்.

புறப்படவே ஒரு மணி நேரம் தாமதம். "கப்பல் நிக்குமா அண்ணி?" என்று ஏறும்போது கேட்டாள். கம்பெனி டிக்கெட் ஆயிற்றே, கம்பெனியே கவலைப்படட்டும் என்றேன். அப்போதே என் கையைப் பிடித்தாள். நடுக் கட்டையைத் தூக்கிவிட்டேன்.

சாப்பாடு வந்தது. ஒரு கையால் தயிர்க் கிண்ணத்தின் மூடியைப் பிரிக்க முடியவில்லை. பல்லால் கடித்துப் பிரித்தேன். எதிர் வரிசைக் குழந்தை கைதட்டியது. மூட்டு தன் பங்குக்குப் புலம்புகிறது. முன்னால் திரைக்குப் பின்னே எல்லாரும் படுத்துக்கொண்டு போகிறார்கள். போகட்டும்.

இவள் தூங்கிவிட்டாள். பெல்ட், அதன் மேல் கைப்பை வார், என் தோள் மேல் தலை. எட்டு மணி நேரத்தில் மூன்று போயிற்று. என் வலது கையை இன்னும் விடவில்லை. மரத்துப்போய்விட்டது. நான் எடுக்கவில்லை.