சைக்கிள் டியூப் சடை

மஸ்கட்,
12.3.1995

அன்புள்ள பூங்கொடிக்கு,

நான் நலம். நீயும் அம்மாவும் சுகம்தானே?

கிரைண்டர் பெல்ட் அறுந்ததும், பழைய சைக்கிள் டியூபைக் கீறி, சடை போலப் பின்னி மாட்டிவிட்டு, நீ எடுத்து அனுப்பிய போட்டோ கிடைத்தது. போன வாரம் எங்கள் கேம்ப் வாஷிங் மெஷினிலும் பெல்ட் அறுந்தது. போட்டோவைப் பார்த்தே பின்னினேன். மூன்று தடவை அவிழ்ந்து, நாலாவது தடவை மெஷின் ஓடியது!

"சடை பின்ன எந்த ஐ.டி.ஐ.ல சொல்லித் தராங்க?" என்று சிரித்தார் ஃபோர்மேன்.

"எங்கூட்டு அம்மணி கண்டுபுடிச்சதுங்க" என்று போட்டோவை நீட்டினேன். ரூமே கூடிப் பார்த்தது.

ஊருக்குப் போகிறவர் கிளம்பிவிட்டார், கடிதத்தை அவரிடம் கொடுக்க வேண்டும். ஒரு கையில் கேமராவைப் பிடித்து எடுத்திருக்கிறாய்; போட்டோவில் உன் மறு கை மட்டும்தான் இருக்கிறது. அடுத்த தடவை பக்கத்து வீட்டில் யாரையாவது எடுக்கச் சொல். கிரைண்டர் கொஞ்சம் ஓரமாக நிற்கட்டும்.

உன்,
கந்தப்பன்